வாயில் வந்த சொல்லுக்கு யார் பொறுப்பு?

கேள்வி

பழைய மாமல்லபுரம் சாலையும் வண்டலூர் சாலையும் கோவளம் சாலையும் கூடுகிற கேளம்பாக்கம் சந்திப்பில் ஓர் அடிதடி நடப்பதாக வைத்துக்கொள்வோம். டீக்கடையில் நின்ற ஒருவர், "ஐயோ, மண்டையில போட்டுட்டான்யா" என்று கத்துகிறார். அடித்தவர் இரண்டு நாள் கழித்து, தெரிந்தவர் ஒருவரிடம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, தானே செய்ததாகச் சொல்லிவிடுகிறார். இரண்டுமே முன்யோசனை இல்லாமல் வெளிவந்த பேச்சு. இரண்டும் பதிவாகும் இடம் கேளம்பாக்கம் காவல் நிலையம். 2022 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்துக்கு உட்பட்டது அது. வழக்கு செங்கல்பட்டில் நடக்கும். சாட்சியம் தமிழில் எழுதப்படும். மேல்முறையீடு என்று வந்தால் அதே வாக்கியங்கள் ஆங்கிலமாகி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும்.

மொழிபெயர்ப்பாளரின் மேசையில் இரண்டாவது பேச்சுக்கு ஆயத்தமாக ஓர் ஆங்கில வினைச்சொல் காத்திருக்கிறது: 'பிளர்ட்'. திடீரென்று, யோசிக்காமல், சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவது என்று அதற்குப் பொருள். (காதல் விளையாட்டைக் குறிக்கும் 'ஃப்ளர்ட்' வேறு, தமிழ் எழுத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தொல்லை கொடுக்கும்.) இந்த வினைக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டால் பெரும்பாலோர் 'உளறு' என்பார்கள். அந்த விடை பாதிதான் சரி. தவறான பாதி, அகராதிப் பக்கத்தில் கிடக்கும் வரை யாருக்கும் கேடில்லை. சாட்சியத்துக்குள் நுழையும்போது அது ஒருவருடைய பேச்சை உண்மை என்றோ பிதற்றல் என்றோ தீர்ப்பெழுதிவிடுகிறது. ஆங்கில வினை ஒன்றுக்குள் திணித்து வைத்திருப்பதைத் தமிழ் எங்கெங்கே பிரித்து வைத்திருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஆங்கில வினையின் முன்கதை

'பிளர்ட்' பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. லத்தீன் வேரோ கிரேக்க வேரோ இதற்கு இல்லை. உதட்டிலிருந்து வெடித்து வரும் ஒலியைப் போலச் செய்து பிறந்த சொல் என்பதே பொதுவான கருத்து. தொடக்கத்தில் பேச்சுக்கு மட்டும் உரியதாகவும் இது இல்லை. உதட்டைப் பிதுக்கிக் காற்றை ஊதி ஒருவரை இகழ்வதையும் இதே சொல் குறித்தது. ஷேக்ஸ்பியரின் பெயரில் வழங்கும் 'பெரிக்கிளிஸ்' நாடகத்தில் அந்த இகழ்ச்சிப் பொருளில்தான் வருகிறது. 1602இல் லண்டனில் அச்சான நகைச்சுவை நாடகம் ஒன்றின் தலைப்பே 'பிளர்ட், மாஸ்டர் கான்ஸ்டபிள்'. பிளர்ட் என்பது அதில் வரும் காவலரின் பெயர். பேச்சை அடக்கத் தெரியாத பெயரைக் காவல்காரனுக்குச் சூட்டிய நாடகாசிரியரின் குறும்பு நம் பேசுபொருளுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இதே வேலையைச் செய்துவந்த வேறு ஆங்கில வினைகள் மெல்ல ஒதுங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களில் பாத்திரங்கள் வியந்து கூவும்போதெல்லாம் 'இஜாகுலேட்' என்ற வினை வரும். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில்கூட உண்டு. எறிதல் என்ற லத்தீன் பொருளிலிருந்து வந்த சொல் அது. இன்று உடற்கூறு சார்ந்த பொருள் மேலோங்கிவிட்டதால் பேச்சுக்கு அதை எவரும் பயன்படுத்துவதில்லை. 'எக்ஸ்கிளெய்ம்' உணர்ச்சியைக் காட்டும், தவறைக் காட்டாது. 'இன்டர்ஜெக்ட்' பிறர் பேச்சில் குறுக்கிடுவது. ஆக, வேகம், கட்டுப்பாடு இழப்பு, பின்விளைவு மூன்றையும் ஒருசேரச் சொல்லும் வினையாக ஆங்கிலத்தில் நிலைத்தது பிளர்ட்தான்.

இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆங்கில வினை, சொல்லப்பட்டது உண்மையா பொய்யா என்று எதுவும் சொல்வதில்லை. ரகசியத்தையும் அப்படிச் சொல்லலாம், தவறான விடையையும் அப்படிச் சொல்லலாம்.

அகராதிகள் காட்டும் வழி

தமிழ் அகராதி மரபு செழிப்பானது. 1779இல் வேப்பேரியில் அச்சான ஃபப்ரீசியஸ் அகராதி, 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு 1862இல் வெளிவந்த வின்ஸ்லோ அகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன், 1992இல் முதல் பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி என வரிசை நீளும். இவை தமிழ்ச் சொல்லிலிருந்து பொருளுக்குப் போகின்றவை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் அகராதிகள் பிளர்ட் என்ற இடத்தில் பொதுவாக இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கின்றன. ஒன்று, 'எண்ணிப் பாராது திடீரெனச் சொல்' என்பதுபோல விளக்கம் தருவது. மற்றொன்று, 'உளறு' என்று ஒரே சொல்லில் முடிப்பது.

முதல் வழி நேர்மையானது. ஆனால் அது பேச்சுத் தமிழ் அல்ல. கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவில் வரும் எவரும் 'எண்ணிப் பாராது திடீரெனச் சொன்னேன்' என்று சொல்லமாட்டார். இரண்டாவது வழி பேச்சுக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. சிக்கல் அங்கேதான்.

உளறுதலின் இரு முகம்

'உளறு' என்ற வினை வரும் இடங்களைப் பார்ப்போம். காய்ச்சலில் உளறுகிறான். தூக்கத்தில் உளறுகிறாள். குடித்துவிட்டு உளறுகிறான். "சும்மா உளறாதே." இங்கெல்லாம் பேச்சு பொருளற்றது, கோவையற்றது, நம்பத் தகாதது. உளறல் என்ற பெயர்ச்சொல்லும் முழுக்க இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே. அரசியல் மேடையில் எதிராளியின் கருத்தை உளறல் என்பவர், அது ரகசிய உண்மை என்று ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது வேறு சில வாக்கியங்கள். "கல்யாண விஷயத்தை அக்காகிட்ட உளறிட்டான்." "ரிலீஸ் தேதியை கிளையன்ட் கால்லயே உளறிட்டாரு." பக்கத்தில் சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை செய்பவர்களுக்கு இந்த இரண்டாவது வாக்கியம் விளக்கம் தேவைப்படாதது. இங்கே உளறப்பட்டது பொருளற்ற பேச்சே அல்ல. துல்லியமான, சரியான, மறைத்து வைத்திருந்த செய்தி. அது உண்மையாக இருப்பதால்தான் சொன்னது குற்றமாகிறது.

ஒரே வினை எப்படி நேரெதிர்ப் பொருள்களைத் தாங்குகிறது? வாக்கிய அமைப்பைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. முதல் வகையில் 'உளறு' செயப்படுபொருள் இல்லாமல் வருகிறது. வந்தாலும் 'ஏதோ', 'என்னென்னவோ' என்று அடையாளமற்ற ஒன்றாகவே வருகிறது. இரண்டாம் வகையில் 'விஷயத்தை', 'தேதியை', 'எல்லாத்தையும்' என்று இரண்டாம் வேற்றுமை ஏற்ற, இன்னதென்று தெரிந்த பொருள் வருகிறது. வினையோடு 'விடு' என்ற துணைவினையும் ஒட்டிக்கொள்கிறது.

விடு இருந்தாலே உண்மைப் பொருள் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. "ஏதோ உளறிட்டேன், மன்னிச்சுடுங்க" என்பவர் தான் பேசியது பொருளற்றது என்றுதான் சொல்கிறார். அங்கேயும் விடு இருக்கிறது. எனவே தீர்மானிப்பது செயப்படுபொருள்தான். விடு அதற்குத் துணை நிற்கிறது. இந்த இரண்டு பயன்பாடுகளையும் ஒரே பொருள் எண்ணின் கீழ் அடக்கும் அகராதி, பயன்படுத்துவோரைக் கைவிடுகிறது என்பது என் கருத்து.

இங்கே இன்னொரு சொல்லையும் நினைவுகூரலாம். 'பிதற்று' இன்று உளறுவதைவிடவும் இழிவான வசவு. பக்தி இலக்கியத்திலோ அடியார்கள் இறைவன் பெயரைத் தம்வசமிழந்து பிதற்றுவதைப் பெருமையாகப் பாடினார்கள். கட்டுப்பாடு தளர்ந்த நாவிலிருந்து வருவது உயர்ந்த உண்மை என்ற எண்ணம் அந்தப் பயன்பாட்டின் அடியில் இருக்கிறது. சொல் கீழிறங்கிவிட்டது; அந்த எண்ணம் போய்விடவில்லை.

வேகத்தை யார் சொல்கிறார்?

பிளர்ட் என்ற வினைக்குள் அடங்கியிருக்கும் வேகத்தை உளறு சொல்வதில்லை. ஒருவன் மணிக்கணக்காக உளறலாம். தமிழில் வேகம் வினைக்கு வெளியே, அதற்கு முன்னால் நிற்கிறது: சட்டென்று, பட்டென்று, படக்கென்று, வெடுக்கென்று, பொசுக்கென்று. சென்னையின் தெற்கு விளிம்பில் இவற்றோடு 'டக்குனு' முன்னணியில் இருக்கிறது. ஒலிக்குறிப்பை 'என்று' என்ற சொல்லோடு சேர்த்து வினைக்கு அடையாக்குவது பழைய உத்தி. 'என' என்ற இடைச்சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகிய ஆறு நிலைகளில் வரும் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. குறிப்புக்கு உரையாசிரியர்கள் காட்டும் 'துண்ணென' போன்ற வடிவங்களின் வழித்தோன்றல்களே நம் சட்டும் பட்டும்.

இவை வெறும் வேகமானிகள் அல்ல. 'பட்டென்று சொன்னாள்' என்றால் தயக்கமின்றி நேராகச் சொன்னாள், பாராட்டும் இருக்கலாம். 'வெடுக்கென்று சொன்னாள்' என்றால் கேட்டவர் மனம் நோகச் சொன்னாள். 'பொசுக்கென்று சொல்லிட்டான்' என்பதில் கேட்டவரின் ஏமாற்றம் இருக்கிறது. ஆங்கில வினை ஒரே நிறத்தில் தருவதைத் தமிழ் பல நிறங்களில் தருகிறது. ஆனால் எதைத் தேர்ந்தாலும் சொல்பவருடைய மதிப்பீடும் கூடவே வந்துவிடும்.

வேகம் பேச்சின் உள்ளேயே தெரிவதும் உண்டு. விரைவினால் அடுக்கி வரும் சொல் மூன்று வரை செல்லும் என்று தொல்காப்பியம் எல்லை கட்டுகிறது. பாம்பு பாம்பு, தீ தீ தீ என்ற கூச்சல்கள் உரைகளில் நிலையான எடுத்துக்காட்டுகள். திடீர்ப் பேச்சை இலக்கணத்துக்கு உட்பட்ட நிகழ்வாகக் கண்டு, அதற்கு எண்ணிக்கை வரம்பும் சொன்ன நூல் அது. இலக்கணம் எழுதியவர் தெருக் கூச்சலையும் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்.

ஆள் மறையும் வாக்கியம்

கட்டுப்பாடு இழந்ததைத் தமிழ் எங்கே வைக்கிறது என்பதுதான் மிகவும் நுட்பமான பகுதி. இதற்கு இரண்டு இடங்கள்.

ஒன்று துணைவினை. 'சொன்னான்' என்பதற்கும் 'சொல்லிவிட்டான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இ. அண்ணாமலை, தாமஸ் லேமன், ஹெரால்ட் ஷிஃப்மன் முதலிய மொழியியலாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். செயல் முடிந்தது என்பதோடு நில்லாமல், அந்த முடிவைப் பற்றிப் பேசுபவரின் மனநிலையையும் இத்துணைவினைகள் காட்டுகின்றன என்பது அவர்கள் ஆய்வுகளில் பொதுவாகக் காணப்படும் கருத்து. 'விடு' இரு பக்கமும் சாயும். "தைரியமாச் சொல்லிடு" என்பதில் உறுதி; "சொல்லிட்டேனே" என்பதில் வருத்தம். 'தொலை' சேர்ந்தால் எரிச்சல்: "சொல்லித் தொலைச்சிட்டான்." 'போடு' வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். சென்னையில் அதில் அலட்சியமோ வன்மமோ தொனிக்கும். யாழ்ப்பாணத்தில் "சொல்லிப்போட்டன்" என்பது இயல்பாக முடிந்த செயல், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் கேளம்பாக்கத்தில் வந்து அப்படிச் சொன்னால், சாதாரணமாகச் சொன்னது வேண்டுமென்றே செய்ததாகக் கேட்கக்கூடும்.

இரண்டாவது இடம் எழுவாய். "வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்பதில் 'நான்' இன்னும் இருக்கிறேன். ஆனால் தவறியது வாய். "வாயில வந்துடுச்சு" என்பதில் நான் காணாமல் போகிறேன். வந்தது சொல், வந்த இடம் வாய், எனக்கும் அதற்கும் இடத்தொடர்பைத் தவிர வேறு உறவில்லை. "என்னையறியாம வந்துடுச்சு" என்பது இன்னும் ஒரு படி மேலே போய், அறியாமையைச் சான்றாக முன்வைக்கிறது. ஆங்கில வினையில் இது முடியாது. அங்கே எழுவாய் எப்போதும் மனிதர். பொறுப்பு அவர் தலையில்.

இதிலிருந்து ஒரு விந்தையான ஒழுங்கு தெரிகிறது. தன்னைப் பற்றிச் சொல்லும்போது மக்கள் "வாய் தவறிடுச்சு" என்கிறார்கள். வேண்டியவரைப் பற்றி "உளறிட்டான்". வேண்டாதவரைப் பற்றி "கக்கிட்டான்". செயல் ஒன்றுதான், வினை உறவுக்கேற்ப மாறுகிறது. கேளம்பாக்கம் போன்ற ஊரில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். தையூர், படூர், கோவளம் பக்கத்து ஊர்க்காரர்கள், தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், தெலுங்கும் மலையாளமும் இந்தியும் பேசும் மாணவர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள் என எல்லோரும் கலந்து வாழும் இடம் இது. பலர் இரண்டாம் மொழியாகத் தமிழ் பேசும்போது முதலில் விட்டுப்போவது இந்தத் துணைவினைகள்தான். "நான் சொன்னேன்" என்று வெறும் வடிவில் சொல்லிவிடுகிறார்கள். தமிழ்க் காதுக்கு அது திட்டமிட்டுச் சொன்னதாகக் கேட்கிறது.

'கக்கு' தனியாகக் கவனிக்க வேண்டிய வினை. "போலீஸ் விசாரணையில் உண்மையைக் கக்கினார்" என்பதும் "பரபரப்பு வாக்குமூலம்" என்பதும் நாளிதழ்களின் தேய்வழக்குகள். கக்கப்படுவது உண்மையே என்று அந்த வினை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. கக்க வைத்தவர் யார், எப்படி என்பதைச் சொல்லாமல் விடுகிறது. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது என்று 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. அதை மாற்றி 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் 23ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. ஒப்புதலின் வழியாகப் பொருள் ஏதேனும் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் விலக்கு உண்டு. நீதிமன்றம் ஏற்காத பேச்சை நாளிதழ் முதல் நாளே உண்மை என்று அச்சிடுகிறது. ஒரு வினைச்சொல் செய்யும் அநியாயத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பாண்டியனின் நா, சுந்தரரின் நா

தவறிய சொல் பற்றித் தமிழர் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இலக்கியத்தில் இரண்டு வழக்குகள் உள்ளன. இரண்டும் உண்மையிலேயே வழக்குகள். இரண்டிலும் அவை உண்டு, வாதி பிரதிவாதி உண்டு.

முதலாவது சிலப்பதிகாரம். பொற்கொல்லன் சொல் கேட்ட பாண்டியன், சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவருக என்று காவலருக்கு ஆணையிடுகிறான். கொல்வதற்காகச் சிலம்போடு கொண்டுவருக என்று சொல்ல நினைத்தவன், ஊழ்வினை பலிக்கும் காலமானதால் வாய் சோர்ந்து கொன்று கொண்டுவருக என்று சொல்லிவிட்டான் என்பது உரையாசிரியர் அடியார்க்குநல்லார் காட்டும் விளக்கம். 'கொல்ல' என்பது 'கொன்று' ஆனதில் ஓர் உயிர் போயிற்று. பிறகு ஒரு நகரம் எரிந்தது.

இந்த விளக்கம் அழகானது என்பதில் ஐயமில்லை. தேவையானதுதானா என்பதே கேள்வி. காப்பியம் அந்த இடத்திலேயே அரசனை ஆராயாதவன் என்று குறித்துவிடுகிறது. ஊடல் கொண்ட தேவியிடம் விரையும் மனநிலையையும் காட்டுகிறது. விசாரிக்காத அரசன் அவசரத்தில் இட்ட ஆணை என்று படித்தாலே கதை நிறைவாக நிற்கும். நாப்பிழை என்று கொண்டால் அரசனின் குற்றம் குறைகிறது. பொறுப்பு வாய்க்கும் ஊழ்வினைக்கும் போகிறது. உரையாசிரியர் இங்கே செய்வது, "வாயில வந்துடுச்சு" என்ற வாக்கியம் செய்வதைத்தான். எனக்கு மூலமே கடுமையாகவும் நியாயமாகவும் படுகிறது. வழக்குரை காதையில் கண்ணகி சிலம்பை உடைத்ததும் அதே அரசன் தன்னையே கள்வன் என்று அறிவித்து விழுந்து உயிர் விடுகிறான். அந்தப் பேச்சும் கணத்தில் வந்ததுதான். அதை நாப்பிழை என்று எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை. அங்கே அவன் தன் பொறுப்பைத் தானே ஏற்கிறான்.

இரண்டாவது வழக்கு பெரியபுராணத்தில். அதைப் பாடிய சேக்கிழாரின் ஊரான குன்றத்தூர், தாம்பரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. சுந்தரரின் திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்கிறார். மணமகன் சீற்றத்தில் அவரைப் பித்தனோ என்று கேட்டுவிடுகிறார். ஓலையையும் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது, மூல ஓலை முதியவர் பக்கம் இருக்கிறது, சுந்தரர் தோற்கிறார். முதியவர் சிவன் என்று தெரிந்த பின், எப்படிப் பாடுவது என்று திகைத்தவரிடம், என்னைப் பித்தன் என்றாயே, அதையே முதலாக வைத்துப் பாடு என்கிறார் இறைவன். கோபத்தில் கொட்டிய வசவு அவருடைய முதல் பதிகத்தின் முதற்சொல் ஆயிற்று. இங்கே வாய் தவறவில்லை. தவறாகச் சொன்னது சரியாகவே இருந்தது.

திருக்குறள் அடக்கமுடைமையில் சொல்லிழுக்கையும், சொல்வன்மையில் சொற்சோர்வையும் எச்சரிக்கிறது. 'சோர்வு', 'இழுக்கு' இரண்டும் கட்டுப்பாடு தளர்வதைக் குறிக்கும் சொற்கள். ஆனால் காக்க வேண்டியவர் பேசுபவரே என்பதில் வள்ளுவருக்குச் சந்தேகம் இல்லை. ஊழ்வினையின் மேலோ வாயின் மேலோ அவர் பழி போடவில்லை. 1901இல் சிக்மண்ட் ஃப்ராய்ட் நாப்பிழைகளை ஆராய்ந்தபோது, அவை மறைந்திருக்கும் விருப்பத்தின் வெளிப்பாடு என்று வாதிட்டார். அடியார்க்குநல்லாருக்கோ பாண்டியனின் பிழை அவனுடைய உள்மனதைக் காட்டுவதல்ல. அவனுக்கு வெளியே இயங்கும் ஊழ்வினையைக் காட்டுவது.

சட்டம் ஏன் அவசரத்தை நம்புகிறது?

பிறர் சொன்னதாக ஒருவர் சொல்லும் சாட்சியத்தைச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் சம்பவத்தோடு ஒட்டி, அதன் பகுதியாகவே வெளிவந்த பேச்சை ஏற்கிறது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 6ஆம் பிரிவு. இன்றைய சட்டத்தில் 4ஆம் பிரிவு. அடித்தவர், அடிபட்டவர் மட்டுமின்றி அருகில் நின்றவர்கள் சொன்னதும், சம்பவத்தின் போதோ சற்று முன்போ பின்போ சொன்னதானால் பொருந்தும் என்று அதன் எடுத்துக்காட்டு விளக்குகிறது. காரணம் எளிது: புனைய நேரமில்லை.

எவ்வளவு நேரம் என்பதில்தான் சண்டை. 1879இல் இங்கிலாந்தின் பெடிங்ஃபீல்ட் வழக்கில், கழுத்து அறுபட்ட நிலையில் அறையிலிருந்து ஓடிவந்த பெண் தன்னை வெட்டியவரின் பெயரைச் சொன்னாள். வெட்டு முடிந்த பிறகு சொன்னது என்று தலைமை நீதிபதி காக்பர்ன் அதை ஒதுக்கினார். இந்த முடிவு நெடுங்காலம் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1971இல் ராட்டன் வழக்கிலும் 1987இல் ஆண்ட்ரூஸ் வழக்கிலும் அளவுகோல் மாறியது: கடிகாரத்தைப் பார்க்காதே, பேசியவரின் மனம் இன்னும் சம்பவத்தின் பிடியில் இருந்ததா என்று பார். இந்திய உச்ச நீதிமன்றம் கடுமையான பக்கமே நின்றது. 1993இல் ஆந்திரத்தில் சிலகலூரிப்பேட்டை அருகே பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டு 23 பேர் இறந்த வழக்கில், காயமுற்றவர்கள் பிறகு நீதித்துறை நடுவரிடம் சொன்னவை சம்பவத்தின் பகுதியாகா என்று 1996இல் தீர்ப்பளித்தது. சிறிய இடைவெளியும் புனைவுக்குப் போதும் என்பது அதன் நிலை.

இங்கேதான் தமிழ் வாக்கிய அமைப்புக்கு வேலை இருக்கிறது. "மண்டையில போட்டுட்டான்யா" என்று கத்தியவர் வாயில் 'விடு' இருக்கிறது. அப்போதுதான் முடிந்த செயலைக் கண்முன் கண்டவர் இயல்பாக அப்படித்தான் கூவுவார். ஒரு வாரம் கழித்து, "அவன் மண்டையில் கட்டையால் அடித்தான்" என்று அவரே சொல்லும்போது அது கதைகூறல். முதலாவது கணத்தோடு ஒட்டியது. இரண்டாவது கணத்தைவிட்டு விலகி நின்று பார்ப்பது. இதை வைத்து மட்டும் ஒரு பேச்சு உடனடியானது என்று முடிவுகட்ட முடியாது. நன்றாக நடிக்கத் தெரிந்தவர் விடுவையும் சேர்த்தே நடிப்பார். ஆனால் இப்படியொரு குறிப்பு மூலத்தில் இருந்தது என்பதாவது பதிவில் தெரிய வேண்டும். பதிவெழுதும்போது இரண்டும் 'அடித்தார்' என்று ஒரே எழுத்துநடைக்கு இறங்கிவிட்டால் அது அழிந்துபோகிறது.

இரண்டாவது பேச்சுக்கு, அதாவது தெரிந்தவரிடம் சொன்ன ஒப்புதலுக்கு, ஆபத்து இன்னும் அதிகம். நீதிமன்றத்துக்கு வெளியே சொன்ன ஒப்புதல் வலுக்குறைந்த சாட்சியம் என்பது நிலைத்த கருத்து. சொற்களை அப்படியே ஒப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பொருள் மாறாமல் வந்தால் போதும் என்பது நீதிமன்றங்களின் பொதுவான அணுகுமுறை. ஆனால் பொருள் எங்கே இருக்கிறது? "போதையில என்னமோ உளறினான்" என்பதும் "போதையில எல்லாத்தையும் உளறிட்டான்" என்பதும் எழுத்தளவில் பக்கத்துப் பக்கத்து வாக்கியங்கள். முதலாவது ஒப்புதலை மறுக்கிறது, இரண்டாவது உறுதிசெய்கிறது. இரண்டையும் பிளர்ட் என்று பெயர்த்தால் வேறுபாடு மறைகிறது. இரண்டையும் பொருளற்ற பேச்சு என்று பெயர்த்தாலும் மறைகிறது.

சாட்சி நீதிமன்ற மொழியில் பேசினால் அதே மொழியில் பதிய வேண்டும் என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 277ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. எனவே விசாரணை நீதிமன்றத்தில் தமிழ் மூலம் இருக்கும். உயர் நீதிமன்றத்தின் மொழி அரசியலமைப்பின் 348ஆம் கூறின்படி ஆங்கிலம். தமிழையும் அங்கே அனுமதிக்க வேண்டும் என்று 2006இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே இந்தக் கடைசிப் படியில் எல்லாப் பாரமும் மொழிபெயர்ப்பாளர்மேல் விழுகிறது. அவர் கையில் இருப்பதோ 'உளறு' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்ட அகராதி.

செய்யக்கூடியது

பிளர்ட் என்பதற்கு நிகரான ஒற்றைத் தமிழ் வினை இல்லை. தேடித் திரிய வேண்டிய அவசியமும் இல்லை. வேகத்துக்கு சட்டென்று, டக்கென்று. கட்டுப்பாடு இழப்புக்கு வாய் தவறி, விடு. வெளிவந்தது ரகசியமானால் போட்டு உடை, உளறிவிடு. பொருளற்றதானால் வெறும் உளறு. வற்புறுத்தலில் வந்ததானால் கக்கு. தேவையானதை மட்டும் எடுத்துச் சேர்க்கலாம். ஆங்கில மூலம் பேசியவர்மேல் பழி சுமத்தாதபோது தமிழும் சுமத்தக் கூடாது. 'வாய்விட்டுச் சொன்னார்' போதும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒழுங்கு வேறு. சாட்சியத்தில் இவ்வகை வினை வரும் இடங்களில் மொழிபெயர்ப்போடு மூல வாக்கியத்தையும் தமிழ் எழுத்திலேயே அடைப்புக்குறிக்குள் தர வேண்டும். உயர் நீதிமன்றத்தில் தமிழறிந்த வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லை; வாதத்தில் அந்தத் துணைவினையை எடுத்துக்காட்ட அவர்களுக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அகராதித் தொகுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'உளறு' என்ற பதிவை இரண்டாகப் பிரித்து, செயப்படுபொருள் ஏற்காத பயன்பாட்டையும் ஏற்கும் பயன்பாட்டையும் வெவ்வேறு எண்களின் கீழ் எடுத்துக்காட்டோடு தாருங்கள். ஆங்கிலம்–தமிழ் அகராதியின் அடுத்த பதிப்பிலாவது, பிளர்ட் என்ற சொல்லுக்கு எதிரே 'உளறு' என்று மட்டும் அச்சிடாதீர்கள்.